தலையில் அடித்த சத்தியம்

1

என் மகள் மித்ரா என் தலையைத் தொட்டு ஒரு வருடம் ஆகிறது.

கேட்பதற்கு இது ஒரு குறையா என்று தோன்றும். கட்டிப்பிடிக்கிறாள், முதுகில் ஏறுகிறாள், கோபம் வந்தால் கையைப் பிடித்துக் கிள்ளவும் செய்கிறாள். தலை மட்டும் கிடையாது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு எண்ணெய் வைத்துவிடுவது அவள் வேலை. பாதி எண்ணெய் என் காதுக்குள்தான் போகும். இப்போது எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பது போல நகர்ந்துவிடுகிறாள். ஏன் என்று நான் கேட்பதில்லை. எனக்குத் தெரியும்.

நான் ஆரணிக்காரி. பெயர் கலா. ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைதோ தீவில் ஒரு சின்ன ஊரின் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். இங்கே 'ல' வராது, அதனால் நான் 'கரா சென்செய்', அதாவது கலா டீச்சர். பதினோரு வயதிலிருந்து எனக்குச் சர்க்கரை நோய். மாத்திரைக்கு அடங்குகிற வகையில்லை. என் உடம்பில் இன்சுலின் சுரப்பதே கிடையாது. சோறு உண்டோ இல்லையோ, வேளைக்கு வேளை ஊசி உண்டு. அது நின்றால் சில நாளில் ஆள் காலி.

போன குளிர்காலத்தில் வீடு நிறைய மருந்தை வைத்துக்கொண்டே நான் சாகக் கிடந்தேன். மித்ராவின் கைக்கும் என் தலைக்கும் நடுவில் வந்த இந்தத் தூரம் அப்போது வந்ததுதான்.

2

எனக்கு நோய் என்று வேலூரில் டாக்டர் சொன்ன அன்று எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது. அங்கே மருந்தைக் கொண்டுபோய் வைத்தால் சாயங்காலத்துக்குள் செய்தி ஆரணி பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும். வெளியே வைத்தால் எங்கள் ஊர் வெயிலில் மருந்து கெட்டுவிடும்.

அம்மா பட்டு நெய்கிறவள். அன்றும் இன்றும் அதுதான் வேலை. குழித்தறியில் உட்காருகிறவர் காலை இறக்கி வைக்கத் தரையில் ஒரு குழி இருக்கும். மிதிகட்டையெல்லாம் அதற்குள்தான். அந்தக் குழியின் மூலையில் ஈரமணலைக் கொட்டி, அதில் ஒரு சின்ன மண்சட்டியைப் பதித்து, மருந்துக் குப்பியை டப்பாவில் போட்டு உள்ளே வைத்து மூடினாள் அம்மா. சில்லென்றும் இருந்தது, எவர் கண்ணிலும் படவும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் தறியில் இருக்கிற சேலையைப் பார்ப்பார்கள். நெய்கிறவளின் காலடியில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

அதோடு விடவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"பொட்டப் புள்ளைக்கு ஊசின்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்? யாராண்டயும் மூச்சு விடக் கூடாது. என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

அடித்தேன். தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் யார் தலையோ அவர் உயிருக்கு ஆகாது என்பது நம் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தால் அம்மா செத்துப்போவாள். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தபோதும் 'காலைல சாப்பிடல டீச்சர்' என்றுதான் சொன்னேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளைக்கு மட்டும் சொல்லலாம் என்று அம்மாவே விலக்குக் கொடுத்தாள். சத்தியம் வாங்கியவர் விலக்கும் தரலாமாம். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். "எனக்கு ஒன்னும் இல்லங்க. எங்க அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றார். போளூரில் இருக்கிற என் மாமியார் இன்றுவரை அதைச் 'சத்து ஊசி' என்று நம்பிக்கொண்டிருக்கிறார். மருமகளுக்கு அப்படி என்ன சத்து போதவில்லை என்று வருத்தமும் படுகிறார்.

3

பள்ளி எங்களுக்குக் கொடுத்த வீடு பழைய மரவீடு. முதல் நாள் சமையலறைத் தரையில் ஒரு மூடியைப் பார்த்தேன். தூக்கினால் கீழே குழி. ஊறுகாயும் உருளைக்கிழங்கும் வைப்பதற்காம். கையை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் தாண்டி வந்தும் நமக்கென்று ஒரு தறிக்குழி காத்துக்கொண்டு இருக்கிறதே என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மருந்தை அதில் வைத்தேன். ஃப்ரிட்ஜ் இருந்தது, ஆனால் மித்ராவின் தோழிகள் வந்தால் ஜூஸுக்காக அதைத்தான் முதலில் திறப்பார்கள். வேலைக்கு நேர்காணல் நடந்தபோது உடம்பு எப்படி என்று கேட்டார்கள். நல்லா இருக்கேன் என்று சொல்லியிருந்தேன். ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. என் விசாவில்தான் மூன்று பேரும் நிற்கிறோம். ஒரு பிள்ளை ஜூஸ் எடுக்கும்போது ஊசியைப் பார்த்தால் போதும். உள்ளூரில் கிளினிக் இருந்தும் அங்கே போகவில்லை, அங்கிருக்கும் நர்ஸின் மகன் என் வகுப்பில் படிக்கிறான். ரயிலேறி வேறு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கி வந்தேன்.

மித்ராவுக்கு எல்லாம் தெரியும். ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் எதை மறைப்பது? அதனால் அம்மா எனக்குச் செய்ததையே நானும் செய்தேன். "அம்மாக்கு ஊசின்னு யாராண்டயும் சொல்லக் கூடாது. என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு" என்றேன். மீறினால் என்ன ஆகும் என்று கேட்டாள். சொன்னேன். பளிச்சென்று அடித்தாள், விளையாட்டுப் போல.

அவள் அதற்குள் பாதி ஜப்பான்காரியாகியிருந்தாள். நான் தமிழில் கேட்டால் ஜப்பானியத்தில் பதில் வரும். ஆரணிக்கு வீடியோ கால் போட்டால் "நல்லா கீறேன்" என்று ஒரே வரியைச் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். பள்ளியில் நான் அவளுக்கு அம்மா இல்லை, கரா சென்செய்தான். அது பள்ளியின் ஒழுங்கு, தப்பில்லை. ஆனால் நடைவழியில் எதிரே வரும்போது மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் எனக்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போகிறபோது, திரும்பிப் பார்க்கிறாளா என்று நான் நின்று பார்ப்பேன்.

4

போன வருடம் தை மாதம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம். அதற்குள் இங்கே பள்ளி திறந்துவிடும், எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் மட்டும் ஊருக்குக் கிளம்பினார். பள்ளி விடுமுறை இன்னும் மிச்சம் இருந்ததால் அவரை விமானம் ஏற்றிவிட்டு நானும் மித்ராவும் சப்போரோ நகரத்தில் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தோடு சில நாள் தங்கினோம்.

வீட்டைப் பூட்டும்போது ஹயாஷி சென்செய் சொல்லித் தந்ததை மறக்கவில்லை. மித்ராவின் வகுப்பாசிரியர் அவர்தான், என் ஆங்கில வகுப்பில் கூட நிற்பவரும் அவர்தான். ஹீட்டரை அணைத்துவிட்டு வெளியூர் போனால் குழாய்களில் இருக்கிற தண்ணீரை முழுக்க இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் உறைந்து குழாய் வெடித்துவிடும் என்று சொல்லியிருந்தார். பொறுப்பாக இறக்கினேன். குழாய் பிழைத்தது. அதற்கு நாலடி தள்ளித் தரைக்குக் கீழே என் மருந்து இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் மருந்துக்கு ஒரே எதிரி வெயில்தான். குளிரும் ஒரு மருந்தைக் கொல்லும் என்று எனக்கு யார் சொன்னது? மூடியைப் போட்டபோது, நல்ல சில்லென்ற இடத்தில் இருக்கிறது என்று நிம்மதியாகவே போட்டேன்.

திரும்பி வந்து ஹீட்டர் போட்டதும் வீடு பழையபடி ஆயிற்று. கையில் இருந்த மருந்து பொங்கலன்று தீர்ந்தது. குழியிலிருந்து புதிதை எடுத்தேன். தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது.

மறுநாள் சர்க்கரை ஏறியது. சர்க்கரைப் பொங்கலில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டதுதான் காரணம் என்று என்னையே திட்டிக்கொண்டு ஊசியைக் கூட்டிப் போட்டேன். இன்னும் ஏறியது. இன்னும் கூட்டினேன். குழியிலிருந்து வேறொன்றைப் பிரித்தேன். அதுவும் அதே குழியில் கிடந்ததுதானே! தொண்டை வறண்டு ஒட்டியது. பாடம் நடத்தும்போதே பாதியில் கழிவறைக்கு ஓடினேன்.

ரயிலேறிப் போய்விடலாம் என்று நினைத்தபோது பனிப்புயல் வந்து ரயிலை நிறுத்திவிட்டது. உள்ளூர் கிளினிக் ஐந்து நிமிட நடை. வாசல் வரைக்கும் போனேன். கண்ணாடிக்குள்ளே அந்த நர்ஸ் தெரிந்தாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்துவிட்டு, ஏதோ நடை பழக வந்தவள் போலத் திரும்பிவிட்டேன்.

அவரிடம் போனில் சொன்னேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

"கலா, பேஜார் பண்ணாத. அங்கயே டாக்டராண்ட ஜல்தியா போ."

"வெள்ளிக்கிழமை கிளாஸ் முடியட்டுங்க. அதுக்கப்புறம் போறேன்."

வெள்ளிக்கிழமை பார்வை வகுப்பு. நகரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பின்னால் நின்று பார்ப்பார்கள். ஒப்பந்தம் நீளுமா என்பது அதில்தான் தெரியும். ஒரு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அம்மாவிடமும் பேசினேன். என் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாடி, மூச்சு வாங்குது?" என்றாள். சொன்னேன். பதறினாள், அழுதாள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். வைக்கும்போது, "அங்க யாராண்டயும் சொல்லலல்ல?" என்று கேட்கவும் மறக்கவில்லை.

5

வெள்ளிக்கிழமை காலை இரண்டு முறை வாந்தி எடுத்தேன். சர்க்கரை பார்க்கும் கருவி எண்ணைக் காட்டவில்லை. அதற்கு மேல் அளக்கத் தெரியாது என்று கைவிரித்துவிட்டது. கழிவறை வாசலில் மித்ரா பள்ளிப் பையோடு நின்றாள்.

"அம்மா, ஹயாஷி சென்செய்யாண்ட சொல்லட்டுமா?" தமிழில்தான் கேட்டாள்.

என் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைய பாடம் என்ன தெரியுமா? 'உனக்கு என்ன செய்கிறது?' என்று ஆங்கிலத்தில் கேட்பதும், எனக்குக் காய்ச்சல், எனக்கு வயிற்றுவலி என்று சொல்வதும். நான் நோயாளி, பிள்ளைகள் டாக்டர்கள். காகிதத்தில் ஸ்டெதஸ்கோப் செய்து கழுத்தில் மாட்டியிருந்தார்கள். பின்சுவரோரம் அதிகாரிகள் கோட்டு சூட்டும், பள்ளிக்குள் விருந்தாளிகளுக்குத் தருகிற செருப்புமாக வரிசையில் நின்றார்கள்.

காய்ச்சல் அட்டை எடுத்தேன். நெற்றியைத் தொட்டு நடித்தேன். வயிற்றுவலி அட்டை. மடங்கி உட்கார்ந்தேன். எழுந்திருக்க நேரமானது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "கரா சென்செய் சூப்பரா நடிக்கிறாங்க" என்று ஒரு பையன் சொன்னது காதில் விழுந்தது. அதிகாரிகள் சிரித்துத் தலையாட்டினார்கள். தலைவலி அட்டை வந்தது. தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். மூன்றாவது வரிசையில் மித்ராவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. எல்லாரும் சிரிக்கிறார்கள், அவள் ஒருத்தி என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு தானாக ஆழமாக இழுக்க ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. கரும்பலகை சாய்ந்தது. அட்டைகள் கையிலிருந்து சிதறின. மறுபடியும் கைதட்டினார்கள்.

"அம்மா!"

அந்தப் பள்ளிக்குள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நாற்காலி விழும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல், கணீரென்று, ஜப்பானியத்தில். "இது நடிப்பு இல்லை. என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். சின்ன வயசிலிருந்து. ஊசி போட்டும் வேலை செய்யவில்லை. காப்பாற்றுங்கள்." அதையே மறுபடியும் சொன்னாள். மறுபடியும். கேட்டவர்களுக்குப் புரிந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பனிக் குவியலைத் தள்ளுகிற வண்டி முன்னால் போக, ஆம்புலன்ஸ் பின்னால் போனது என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

6

கண் திறந்து ஒரு நாள் கழித்துத்தான் பேச முடிந்தது. டாக்டர் என் மருந்தை எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டார். தரைக்குழி என்றேன். வீட்டை எத்தனை நாள் ஹீட்டர் இல்லாமல் பூட்டியிருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் நின்ற ஹயாஷி சென்செய் கண்ணை மூடிக்கொண்டார்.

"கரா சென்செய், குளிர்காலத்தில் இந்த ஊரில் நாங்கள் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பதே சாமான் உறையாமல் இருக்கத்தான்," என்றார். "வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான்."

இன்சுலின் ஒருமுறை உறைந்தால் செத்த மருந்து என்று டாக்டர் விளக்கினார். உருகியபின் பார்க்க அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பொங்கலிலிருந்து நான் உடம்பில் ஏற்றியது வெறும் தண்ணீர். இத்தனைக்கும் ஃப்ரிட்ஜ் அந்தக் குழிக்கு எதிரில்தான் இருந்தது.

அவர்கள் போனபிறகுதான் பார்த்தேன், மித்ரா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை. அவள் அப்பா ஊரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை, இந்த இரண்டு நாளும் ஹயாஷி சென்செய் வீட்டில் தூங்கியிருக்கிறாள். ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

"வாடி" என்றேன்.

வரவில்லை. கையிரண்டையும் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு தமிழில் கேட்டாள்: "நான் சொல்லிட்டேன்ல. நீ எப்போ செத்துப்போவ?"

இந்தக் கேள்விக்கு முன்னால் என் நோயும் விசாவும் ஒன்றுமில்லை. சொல்லாவிட்டால் அம்மா சாவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னாலும் அம்மா சாவாள் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"ஒன்னும் ஆகாதுடி. சத்தியம் வாங்கினவ நான்தானே? நானே வாபஸ் வாங்கிகினேன்."

"எப்போ?"

"நீ சொல்றதுக்கு முன்னாடியே."

"பொய். அன்னிக்குக் காலைல கூட தலையைக் காமிச்சியே."

நான் பிழைத்துவிட்டேன் என்று டாக்டர் சொன்னது உனக்குக் கேட்கவில்லையா என்று கேட்டுப் பார்த்தேன். கேட்டது என்றாள். ஆனால் இன்னும் நாள் இருக்கிறதே என்று அவள் முகம் சொன்னது. சத்தியத்துக்குத் தவணை இல்லை, எப்போது வேண்டுமானாலும் வந்து பிடிக்கும் என்பதும் நான் சொன்னதுதான். அவள் கையைப் பிடித்து இழுத்து என் தலையில் வைக்கப் போனேன். நெருப்பைத் தொட்டவள் போலப் பிடுங்கிக்கொண்டாள்.

7

வேலை போகவில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, சர்க்கரை நோயாளிக்கு ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் கொடுத்து, குனிந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். ஒப்பந்தத்தை முதலில் ஆறு மாதத்துக்குத்தான் நீட்டினார்கள். டாக்டர் கடிதம், பள்ளியின் கடிதம், எனக்கு மயக்கம் வந்தால் யார் என்ன செய்வது என்று ஒரு கூட்டம் எல்லாம் முடிந்தபிறகு மீதியைக் கொடுத்தார்கள். இப்போது ஆசிரியர் அறை ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் என் மருந்து இருக்கிறது. காலையில் எதிர்ப்படுகிற எல்லாரும் 'உடம்பு பரவாயில்லையா' என்று கேட்கிறார்கள். நோயில் தப்பித்தேன், இவர்கள் கேட்டே கொன்றுவிடுவார்கள் போலிருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் கேட்டுக்கொண்டிருந்த தறிச்சத்தம் நின்றது. ரொம்ப நேரம் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "எத்தினி பேருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

"நம்ம ஊருக்கா?"

"இந்த ஊருக்கு."

"அப்ப பரவால்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். எனக்கு ஒரு கல்யாணம் நடக்க வேண்டும் என்று வருடக்கணக்காக என் உயிரைக் காலடியில் வைத்துக்கொண்டு நெய்தவள் அவள். அவள்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? ஆனால் மித்ராவின் முகத்தைப் பார்த்தபிறகு இனி அந்த மறைப்பு எனக்கு வேண்டாம். இதை எழுதப் போகிறேன் என்று போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். "எழுதிக்கோ. என் பேர் மட்டும் போடாத" என்றாள். போடவில்லை. ஆரணியிலும் போளூரிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு: ஆமாம், எனக்குச் சர்க்கரை நோய், பதினோரு வயதிலிருந்து. அத்தை, அது சத்து ஊசி இல்லை.

இன்று நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். காலையிலிருந்து பனி. பள்ளி விட்டு நானும் மித்ராவும் நடந்தே வந்தோம். நான் குல்லாயை வகுப்பில் மறந்துவிட்டேன். வீட்டு வாசலில் எல்லா வீட்டிலும் இருப்பது போலப் பனி தட்டுகிற ஒரு கைத்துடைப்பம் தொங்கும். மித்ரா அதை எடுத்துத் தன் காலணியைத் தட்டினாள், என் கோட்டைத் தட்டினாள். படிமேல் ஏறி நின்று என் தலையில் இருந்த பனியையும் துடைப்பத்தாலேயே தட்டினாள். ஒரு வருடமாக அப்படித்தான். ஊரில் யாராவது பார்த்தால் பெற்ற தாயைத் துடைப்பத்தால் அடிக்கிறாள் பார் என்பார்கள்.

வகிட்டோரம் ஒரு கட்டி போகவில்லை. முடியோடு சேர்ந்து உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள். கதவைத் திறக்கப்போன நான் அசையாமல் நின்றேன்.

துடைப்பத்தை மாட்டினாள். கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். விரல்கள் என் தலைக்கு வந்தன. கட்டியைப் பிய்த்து எடுத்தாள். எடுத்தபிறகும் உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தாள். சூடாக இருந்தது.

குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஒன்னும் ஆகலியே?"

"ஆகல," என்றேன். "பசிக்குது. கதவைத் திற."